வெர்னாவின் பள்ளம்

யுரேகா நகரத்துக்கு வடக்கே எங்கள் கடற்கரையில் யாரிடமாவது "எங்க பிடிச்சே?" என்று கேட்டால், "வாயிலதான்" என்பான். மீனின் வாயில் என்று அர்த்தம். அதற்கு மேலும் கேட்பவன் ஊருக்குப் புதியவன். மீனோடு படம் எடுத்தாலும் பின்னால் வெறும் மணல்தான் தெரியும். ஒரு பாறை நுனி தெரிந்தால் போதும், இடம் போச்சு.

இந்த விஷயத்தில் எங்களில் மகா அழுத்தக்காரி வெர்னா டாலஃப்சன். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், அறுபதைத் தொடுகிறாள். இறகும் நூலும் சுற்றிய பொய் இரையால்தான் பிடிப்பாள். பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு அலையில் இறங்குவாள். இழுத்த தூண்டில் நூலெல்லாம் தொட்டிக்குள் விழும்; இல்லாவிட்டால் அலை அதைக் காலில் சுற்றிவிடும். புழு போட்டுப் பிடிக்கிற எனக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

"என்ன, சமையலறையோடயே கிளம்பி வந்துட்டியா?"

"ஆமா, உன் புழுவை வறுத்துக் குடுக்கலாம்னுதான்."

குளிர்காலத்தில் கடல் நன்றாக உள்வாங்கும் நாட்களில் தூண்டிலைத் தொடமாட்டாள். மணல் எங்கே குழிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பாள். அப்படிக் கண்டுபிடித்ததுதான் அந்தப் பாறையடிப் பள்ளம். மற்ற பள்ளங்களைப் புயல் மூடிவிடும், அதை மூடாது. வசந்தத்தின் கடைசியில் செவ்வால் பெர்ச் மீன்கள் அங்கே கரையோரமாக வரும். முட்டையிடும் ஜாதி இல்லை, குட்டி போடும் ஜாதி. வயிறு புடைத்த தாய் மீன் மாட்டினால் வெர்னா அதைத் தண்ணீரை விட்டுத் தூக்கவே மாட்டாள். குனிந்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுவாள்.

அவளுக்குப் பொய் இரை கட்டிக் கொடுப்பவன் ஆர்லோ. படகுப் பட்டறைக்காரன், அவளுடைய பல வருடச் சிநேகிதன். மனைவி இறந்தபின் அவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வெர்னா சூப் கொண்டுபோய் வைத்தாள்; தொடவில்லை. தினமும் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து அவன் சமையலறையில் உட்கார்ந்து தானே பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் தன்னிடம் இருந்ததிலேயே பெரியதைக் கொடுத்தாள். அவனைப் பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுக்காரனான எனக்குக்கூடக் காட்டாத இடம். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்.

"சினை மீனை விட்டுடணும், ஆர்லோ. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"என் பெண்டாட்டி மேல சத்தியம்."

அன்று தான் பிடித்த முதல் சினை மீனை விடும்போது அவன் அழுதானாம். ஆள் பிழைத்துக்கொண்டான் என்று அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

அடுத்த மே மாதம், தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் வருடா வருடம் நடத்தும் பெர்ச் போட்டி. சிப்பிச் சூப் வாங்க நானும் வெர்னாவும் வரிசையில் நிற்கிறோம். ஆர்லோ ஒரு பெரிய செவ்வாலைக் கொண்டுவந்து தராசுத் தட்டில் போட்டான். தட்டிலேயே அதன் வயிற்றிலிருந்து விரல் நீளக் குட்டிகள் வழுக்கி விழுந்தன.

"குட்டியையும் சேர்த்து எடை போடுங்கப்பா!" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது. ஆர்லோ மைக்கைப் பிடித்தான்.

"எல்லாம் வெர்னாவாலதான். தெற்கு ஓடைக்கு அந்தப் பக்கம், பாறையடிப் பள்ளம். காட்டிக் குடுத்ததே அவதான். ஒரு கை தட்டுங்க!"

தட்டினார்கள். அந்தப் பாவி உண்மையிலேயே நன்றி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். எனக்கு அவன் பல்லைத் தட்டிவிடலாம் போல இருந்தது. வெர்னா சூப்பை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவளோடு நானும் போனேன். பள்ளத்தைச் சுற்றித் தோளோடு தோள் உரச ஆட்கள். நடுவில் ஆர்லோ, முகமெல்லாம் பல்.

"வா வா வெர்னா! உனக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்!"

அவள் தொட்டியைக் கட்டிக்கொண்டு அவன் காட்டிய இடத்திலேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் கனமாக ஒன்று மாட்டியது. குனிந்தாள், விட்டாள்.

"ஐயோ, அவ்வளோ பெருசை விட்டுட்டாங்க! பைத்தியமா இவங்க?" என்றான் பக்கத்தில் ஒருவன்.

"விடுப்பா, அவ அப்படித்தான்," என்று ஆர்லோ சிரித்தான்.

வெர்னா நிமிர்ந்தாள். "சத்தியம் பண்ணினியே, ஆர்லோ. ஏன் இப்படிச் செஞ்சே?"

சிரிப்பு நின்றது. "இப்போ எல்லாரும் என்கிட்ட பேசறாங்க, வெர்னா. கூப்பிடறாங்க. அந்த வீட்ல இத்தனை நாளா என்கூடப் பேச யாரு இருந்தா, சொல்லு?"

"நான் இருந்தேனே," என்றாள்.

அதற்குள் யாரோ "ஆர்லோ, மாட்டிக்கிச்சு, ஓடி வா!" என்று கூவினார்கள். அவன் அந்தப் பக்கம் ஓடினான்.