கத்தி போட்ட கோடு

என் மேசை இழுப்பறையில் ஒரு கண்ணாடி ஸ்லைடு இருக்கிறது. அதில் எலிக் கல்லீரலின் மெல்லிய சீவல் ஒன்று ஒட்டியிருக்கிறது. சாயம் லேசாக வெளுத்துவிட்டது. குறுக்கே ஒரு கோடு ஓடி, ஓரத்தில் கொக்கிபோல் மடிகிறது. தொண்ணூறுகளில் கல்கத்தா ஆய்வுக்கூடமொன்றில் சேர்ந்த புதிதில், பல் விழுந்த கத்தியால் நான் சீவிய முதல் துண்டு அது.

அதைப் பார்த்துச் சிரித்தவர் தீதி. கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. கூடத்தில் எல்லோருக்கும் தீதி, அதாவது அக்கா; எனக்கு ஆய்வு வழிகாட்டியும்கூட. எலியின் ஈரலில் பெரும்பகுதியை வெட்டினாலும் சில நாளில் வளர்ந்து, பழைய அளவு வந்ததும் நின்றுவிடும். அப்படி நிற்கச் சொல்லும் சமிக்ஞையை மருந்தால் தடுத்தால் செல்கள் நிற்காமல் பெருகும், புற்றுநோய்க்கு வழி அதுதான் என்று, நான் சேர்ந்த மறு ஆண்டு கட்டுரை எழுதித் தீதி பேர் வாங்கினார். அதை மேலே கொண்டுபோவதுதான் என் முனைவர் பட்ட வேலை.

கட்டுரையில் சொன்ன முடிவு எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. மருந்து கொடுத்த ஈரலும் சமர்த்தாக நின்றது. ஆண்டுகள் போயின. நான் அழுதால் தீதி தன் டப்பாவிலிருந்து சந்தேஷ் இனிப்பு எடுத்து என் கையில் வைப்பார்.

"கை பழகணும்டி. அதுவரைக்கும் ஈரல் உன் பேச்சைக் கேக்காது."

நம்பினேன். டாக்குரியாவில் இருந்த என் அறைக்கு ரயிலில் திரும்பும்போதெல்லாம் என் விரல்களையே வெறுத்தேன்.

கட்டுரையின் ஜெராக்ஸ் மட்டுமே அவர் தந்திருந்தார். அதில் படம் வெறும் கறுப்பாக அப்பியிருந்தது. ஒருநாள் வேறொரு நூலகத்தில் அச்சிட்ட இதழையே புரட்டினேன். மருந்தால் நிற்காமல் பெருகும் ஈரல் என்று போட்டிருந்த படத்தின் குறுக்கே என் கோடு ஓடியது, அதே கொக்கியோடு. மருந்தே தொடாத எலி அது. ஈரலை வெட்டிய மறுநாள் எடுத்த துண்டு. அப்போது எந்த ஈரலும் பெருகத்தான் செய்யும்.

இதழை அவர் முன்னால் விரித்தேன். தீதி மறுக்கவில்லை.

"நிஜமாவே அப்படித்தான் வரும்னு நினைச்சேன். படம் முந்திண்டுடுத்து, அவ்ளோதான். நிஜ முடிவை நீ எடுத்துக் குடுத்துடுவேன்னு இருந்தேன்."

ஏமாற்றியதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தப் பொய்யை மெய்யாக்க என்னையே உழைக்கவைத்து, முடியாதபோது என் கையைக் குறை சொன்னதை இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பட்டம் இல்லாமல் வெளியே வந்தேன். கிளம்பும்போது அவர் பெட்டியிலிருந்து இந்த ஸ்லைடை மட்டும் எடுத்துக்கொண்டேன், அவர் தடுக்கவில்லை. சந்தேஷ் எனக்கு இப்போதும் தொண்டையில் இறங்குவதில்லை.

நேற்று அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கோட்டின் இருபுறமும், இரண்டாகப் பிரியும் செல்கள் ஒவ்வொன்றும் அத்தனை தெளிவாக இருந்தன. என் கை முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது.