கரியடுப்புக்கு ஒரு லைசென்ஸ்

என் சித்தப்பா டிரைவிங் மாஸ்டர். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் பிடிப்பதுதான் அவருக்கு வேலை. அதற்கென்றே அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் அடங்காது. டிவி படத்தில் ஒருத்தன் காரைத் திருப்பினால் போதும், சோபாவில் இருந்தபடியே இவர் வலது கால் தரையை அழுத்தும். "இண்டிகேட்டர் போட்டானா? போடல. சரி, செத்தான்." வில்லனுக்கும் பாடம் நடக்கும்.

வகுப்பில் மட்டும் குரல் ஏறவே ஏறாது. மாணவன் லாரிக்கு நேராகப் போய்க்கொண்டிருப்பான். இவர் தாலாட்டுப் பாடுவார். "பதட்டப்படாதே ராஜா. லாரி பெரிசு, நாம சின்னது. அதை நாம ஒத்துக்குவோம்." வீட்டுக்கு வந்து தண்ணீர் டம்ளரைப் பிடிக்கும்போதுதான் கை வெடவெடவென்று ஆடும்.

இத்தனை ஜாக்கிரதையான மனுஷன்தான் போன வருஷம் என் சித்தியின் புருவத்தைக் கொளுத்தினார்.

வீட்டுத் தோட்டத்தில் ஒரு பார்பெக்யூ அடுப்பு இருக்கிறது. மூன்று கால், வட்டமான தொட்டி, அதற்கு மூடி. தன்னிடம் படித்து லைசென்ஸ் வாங்கியவர்களையும், வாங்காமலே பழகிப்போனவர்களையும் கூப்பிட்டு அதில் கோழிக்கால் சுட்டுத் தருவது சித்தப்பாவின் ஒரே பெருமை. அன்று கரி கறுப்பாகக் கிடந்தது. அணைந்துவிட்டது என்று இவராக முடிவு கட்டி, பற்றவைக்கும் திரவத்தை பாட்டிலோடு எடுத்து இன்னொரு தடவை சர்ரென்று பீய்ச்சினார். கரி உள்ளுக்குள் கனன்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. குப்பென்று ஆள் உயரத்துக்கு நெருப்பு. "பத்துச்சாங்க?" என்று அந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்த சித்திக்கு இரண்டு புருவமும் காலி.

சித்தி பார்லர் நடத்துகிறார். ஊருக்கே புருவம் திருத்துகிறவர், முளைத்து வரும்வரை தன் புருவத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். கோபமான நாளில் வளைவு கொஞ்சம் மேலே ஏறிவிடும். சித்தப்பா காலையில் காப்பி வாங்கும்போதே அதைப் பார்த்து அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வார்.

கோழி புரட்டும் இடுக்கி அன்றே பறிமுதல். அதற்குப் பிறகு அடுப்பு சித்தியின் ஆட்சியில். சித்தப்பாவுக்கு வெள்ளரிக்காய் நறுக்கும் பதவி. ஒரு வருஷம் நறுக்கினார், பாவம். கடைசியில் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

"ஒரே ஒரு தடவை குடும்மா."

"லைசென்ஸ் ரத்தானவங்க வண்டியத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அப்ப டெஸ்ட் வை!"

சொன்ன பிறகுதான் வாயில் கை வைத்தார்.

"வச்சிடுவோம்," என்றார் சித்தி. "ஞாயித்துக்கிழமை. பாஸானா இடுக்கி உங்க கைல. ஃபெயிலானா அடுப்பு பழைய இரும்புக் கடைக்கு."

அந்த வாரம் முழுக்க எங்கள் மாஸ்டர் மாணவர் ஆனார். கம்பி பிரஷ்ஷால் கோழி வைக்கும் வலையைச் சுரண்டினார். பிரஷ்ஷிலிருந்து கம்பி முடி ஏதாவது உதிர்ந்து கோழியோடு தொண்டைக்குள் போய்விடுமோ என்று ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலில் இருந்த திருகுகளை முறுக்கினார். மர வேலியையும் துணிக்கொடியையும் விட்டுத் தள்ளி, சமதரையாக இடம் பிடித்தார். தூக்கத்தில் வலது கால் வேறு அழுத்துகிறது என்று சித்தி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி தோட்டத்தில் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பார்லருக்கு எதிரே கடை வைத்திருக்கும் பூக்கடைக்காரம்மா வந்திருந்தார். பேக்கரிக்காரரும் வந்தார். சித்தப்பாவிடம் ஓட்டப் படித்தும் வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் டெஸ்டில் ஃபெயிலாகி ஃபெயிலாகியே அவருக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர். வாழ்நாளெல்லாம் காத்திருந்த நாள் அவருக்கு.

"பதட்டப்படாதே ராஜா," என்று சித்தப்பா குரலிலேயே ஆரம்பித்தார் ரிவர்ஸ். "அடுப்பு பெரிசு, நீ சின்னது."

"வாய மூடிட்டுத் தள்ளி நில்லுய்யா."

சித்தப்பா காரைச் சுற்றிப் பார்ப்பதுபோல அடுப்பைச் சுற்றி வந்தார். பக்கத்தில் ஒரு வாளி மணல். தொளதொள சட்டையைக் கழற்றிவிட்டு, கையை ஒட்டிய பருத்திச் சட்டை. காற்று எந்தப் பக்கம் என்று விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தார். காய்ந்த சுள்ளி, அதன் மேல் கரி. பேக்கரியின் பழைய அலமாரிப் பலகையைக் கொண்டுவந்து நீட்டினார் ரிவர்ஸ். "விறகு சார், சும்மா வச்சுக்கங்க."

"பெயிண்ட் அடிச்ச பலகை. அந்தப் புகையில சுட்டத நீயே தின்னுவியா? எடுத்துட்டுப் போ."

கரி மசமசவென்று நேரம் எடுத்தது. சித்தி எழுந்து வந்தார். கையில் அந்த பாட்டில். குரலில் தேன் ஒழுகியது. "என்னங்க, பாவம், எவ்ளோ நேரமா நிக்கிறீங்க. லேசா ஊத்திக்கங்களேன்."

சித்தப்பாவின் கை பாட்டிலை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. அதற்குள் வலது கால் புல்லை ஓங்கி மிதித்தது.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும்மா. 'அப்படியே லெஃப்ட் எடுங்க'ன்னு நோ என்ட்ரியக் காட்டுவாரே லைசென்ஸ் டெஸ்ட் ஆபீசர், அதே குரல். கொண்டு போய் உள்ள வை."

ரிவர்ஸ் விசிலடித்தார். சித்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். கரி மெல்ல வெளுத்துச் சாம்பல் பூத்தது. கோழிக்கால்கள் வலையில் ஏறின. சித்தப்பா இடுக்கியைப் பிடித்த பிடியைப் பார்த்தால் ஏதோ பட்டாபிஷேகம் என்று தோன்றும்.

அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது.

எல்லோரும் கார் ஷெட்டுக்குள் ஓடினோம். சித்தப்பா மட்டும் வெளியே, கோழிக்குக் குடை பிடித்தபடி. கோழி பாதிதான் வெந்திருந்தது.

"பசி உயிர் போகுதுடி," என்றார் பூக்கடைக்காரம்மா.

சித்தி வாசலில் நின்று கத்தினார். "என்னங்க, அடுப்ப ஷெட்டுக்குள்ள தள்ளிட்டு வாங்க! கதவுதான் தெறந்திருக்கே!"

சித்தப்பா பலமாகச் சிரித்தார். "அடுத்த பொறியா? நான் மாட்டுவேனா?"

"பொறி இல்லீங்க. நெஜமாத்தான் சொல்றேன்."

சித்தப்பா சித்தியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "நெஜமா சொன்னா இன்னும் மோசம்மா."

"வந்தவங்கள பட்டினி போடச் சொல்றீங்களா? டெஸ்ட் வைக்கிறது நான். தள்ளுங்கன்னா தள்ளுங்க. இல்லேன்னா ஃபெயில்!"

நனைந்த சட்டை முதுகில் ஒட்ட, சித்தப்பா அடுப்பையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கை எல்லோர் முன்னாலும் ஆடியதை அன்றுதான் பார்த்தேன். குரல் மட்டும் அதே தாலாட்டு.

"கரியில ஒரு விஷ வாயு வரும்மா. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கெடையாது. கதவு தெறந்திருந்தாலும் உள்ள சேரும். மொதல்ல லேசா தலை வலிக்குதேன்னு உக்காருவீங்க. அப்புறம் எந்திரிக்க மாட்டீங்க. மொத்தப் பேரும் அதுக்குள்ளதான் நிக்கிறீங்க. ஃபெயில்னா ஃபெயில். இரும்புக் கடைக்காரனக் கூப்பிட்டுக்க. நான் தள்ள மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கோழிக்கால்களைச் சுத்தமான தட்டில் எடுத்தார். பச்சைக் கறி வைத்திருந்த தட்டைத் தொடவில்லை. "இத சமையலறை ஓவன்ல வச்சு நல்லா வேக வைங்க." உதவி செய்கிறேன் பேர்வழி என்று ரிவர்ஸ் ஒரு பக்கெட் தண்ணீரோடு பாய்ந்து வந்தார். "ஊத்தாதய்யா! ஆவி மூஞ்சிய வேக வச்சிடும்!" மூடியைப் போட்டு, மேலும் கீழும் இருந்த காற்றுத் துளைகளை அடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார், நனைந்த பூனை மாதிரி.

ஓவன் கோழியைச் சமையலறையில் நின்றபடியே தின்றோம். ரிவர்ஸ் எலும்பைக் கடித்துக்கொண்டு, "ரிசல்ட் என்ன மேடம்?" என்றார். சித்தி சித்தப்பாவின் தலையைத் துண்டால் துவட்டினார், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

மறுநாள் காலை சித்தப்பா அடுப்பைத் திறந்து, சாம்பலைக் குச்சியால் கிளறி, அதன் மேலே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு இரும்பு வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார். சித்தி இடுக்கியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"பாஸ்."

"கோழி உன் ஓவன்லதானே வெந்துச்சு? செல்லுமா?"

"செல்லும். நேத்து நான் சொன்னதக் கேட்டிருந்தா ரிசல்ட் சொல்ல நான் இருந்திருப்பேனான்னு ராத்திரி யோசிச்சேன்."

சித்தப்பா இடுக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முறுக்கிக்கொண்டார். "இப்ப உன் லைசென்ஸ்தான் கேள்விக்குறி. ஷெட்டுக்குள்ள தள்ளச் சொன்ன ஆளு நீ. ஒரு மாசம் கழிச்சு வா, பாக்கலாம்."

"ரொம்பத்தான் ஆடாதீங்க. உறையப் போட்டு மூடுங்க, துரு புடிக்கும்."

அன்று காலை முதல் வகுப்புக்கு வந்த பெண் காரில் ஏறியதும் டாஷ்போர்டைப் பார்த்தாள். "சார், இந்த இடுக்கி எதுக்கு?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார் சித்தப்பா. "நீ ரோட்டப் பாரு."