பொலித்தீன் கழற்றாத கதிரை

எனக்கிருக்கும் நோய்க்கு டொக்டர் சொன்ன பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. எங்கள் நிந்தவூர் ஆட்கள் அதைச் சுருக்கிவிட்டார்கள். "காக்காக்குக் கரண்ட் போயிட்டு" என்பார்கள்; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். இதைவிடச் சரியாகச் சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சோற்றையோ இனிப்பையோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், சில நாட்களில், இரத்தத்திலுள்ள பொட்டாசியம் இறங்கிவிடும். கண் விழிக்கும்போது கையும் காலும் என்னுடையவையாக இராது. புத்தி இருக்கும், பேச்சு இருக்கும். மூக்கில் ஈ இருந்தால் விரட்ட ஒரு விரல் வராது. பொட்டாசியக் குளிசையைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கிடக்க வேண்டும். சில மணித்தியாலங்களில் கரண்ட் தானாக வரும்.

தானாக. இந்தச் சொல்லை மேடையில் நான் சொல்வதில்லை.

புடவைக் கடையில் நின்று வருகிறவர் போகிறவரோடு கதைத்துக் கதைத்தே பேசப் பழகியவன் நான். இன்று பொத்துவில் வரைக்கும் பாடசாலைகளும் இளைஞர் கழகங்களும் தன்னம்பிக்கைப் பேச்சுக்குக் கூப்பிடுகின்றன. ஒரு கூட்டத்தில், "காலையில் மையித்துப் போல அசையாமக் கிடந்த மனிசன்தான் இப்ப உங்களுக்கு முன்னால நிக்கிறன். எழும்ப நினைச்சவனுக்குத்தான் கால்" என்று சொன்னேன். சனம் கைதட்டியது. யாரோ அதைப் போனில் பிடித்து அனுப்பிவிட, அது ஊர் ஊராகப் போனது.

அப்படித்தான் இறக்காமத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு தங்கச்சியின் அழைப்பு வந்தது. யானைக் காவலுக்குப் போன கணவர் பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் மூன்று வருடமாகப் படுக்கை. "நீங்க வந்து ஒருக்காக் கதைச்சாப் போதும் காக்கா. அவர் எழும்பிருவார்" என்றார். நான் டொக்டர் இல்லை என்றேன். "டொக்டர்மாரத்தான் எல்லாரையும் பாத்திட்டமே" என்றார். நெல் வெட்டுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கதவுக்குப் பின்னால் ஒரு சக்கர நாற்காலி மடித்து வைத்திருப்பதைக் கண்டேன். யாரோ உதவியாகக் கொடுத்தது. மேலே சுற்றிய பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. என் பார்வையைக் கவனித்த தங்கச்சி, "அது தேவப்படாது காக்கா. அதுல ஏறி இருந்தா மனசும் இருந்திரும்" என்றார். எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. பிறகுதான் உறைத்தது, அதுவும் என் பேச்சிலே உள்ளதுதான்.

கணவர் பாயில் படுத்திருந்தார். அகன்ற தோள், வேளாண்மை செய்த கை. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க காக்கா. உங்கட குரலக் கேட்டுத்தான் இந்த ஊட்டுல எல்லாரும் எழும்புற. என்னத் தவிர."

"இஞ்சாருங்க, வந்த மனிசனோட பகிடி விடாதீங்க" என்று மனைவி அதட்டினார்.

மதியம் லுஹர் தொழுத பிறகு சாப்பாடு வந்தது. நெய்ச்சோறு, நாட்டுக்கோழி, இனிப்புக்கு வட்டிலப்பம். எனக்கு இவ்வளவு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். தங்கச்சி கேட்கவில்லை, என் தட்டில் சோறு மலைபோல ஏறியது. கணவர் முழங்கையை ஊன்றிப் பக்கமாகச் சரிந்து, "தின்னுங்க காக்கா. நீங்க மிச்சம் வெச்சா அதுக்கும் எனக்குத்தான் ஏச்சு" என்றார். விடியற்காலை யானை விரட்டப் போடும் வெடிக்குப் பயந்து ஒரு கோழியும் முட்டையிடவில்லையாம், இருந்த நல்ல கோழியை எனக்காக அறுத்தார்களாம். தின்றேன். தின்ற பிறகு முற்றத்தில் கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவர் என் கையைப் பிடித்து, "வெயில் கொளுத்துது, இஞ்ச சரிங்க" என்று பக்கத்துப் பாயைக் காட்டினார். சரிந்தேன். கண் அயர்ந்துவிட்டது.

மாலை அசர் பாங்கு கேட்டு விழித்தபோது கரண்ட் போயிருந்தது.

"தம்பி," என்றேன், "எனக்கு ஏலாமப் போயிட்டு."

அவர் என் கையைத் தூக்கிப் பார்த்தார். விட்டதும் அது பொத்தென்று விழுந்தது. ஒரு கணம் பயந்துபோனார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அல்லாஹ்வே! கதைக்க வந்த மனிசனும் நம்மட கட்சியில சேந்திட்டாரு!"

பையிலிருந்த குளிசையைத் தங்கச்சி கரைத்துக்கொண்டு வந்தார். அந்நிய ஆணைத் தொடத் தயங்கி நின்றார். கணவர் கோப்பையை வாங்கி, என் தலையைத் தன் கையில் தாங்கி, கரண்டி கரண்டியாகப் பருக்கினார். என் முகத்தில் இருந்த ஈயை விரட்டினார். வழிந்ததைத் தன் சாரன் முனையால் துடைத்தார். மூன்று வருடமாக மற்றவர் கையால் எல்லாம் வாங்கிய மனிதர். அந்தக் கையில் அன்று ஒரு சந்தோசம் இருந்தது.

மனைவி கோப்பையைக் கழுவக் குசினிக்குப் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"காக்கா, எனக்குத் தெரியும். இந்தக் கால் இனி வராது. டொக்டர் எனக்கிட்டச் சொல்லிட்டாரு. அவவுக்கிட்டயும் சொன்னவருதான், அவ காதுல போட்டுக்கல்ல. விடியக்காலயும் பொழுதுபடவும் ரெண்டு காலயும் புடிச்சி மடக்கி நீட்டி, 'நினைங்க, நினைங்க' எண்டுவா. நானும் நினைக்கிற மாதிரி மூஞ்ச வெச்சிட்டுக் கிடப்பன்."

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் திருப்பவும் முடியாது.

"குத்தகைக்குக் குடுத்த காணிய இந்தப் போகம் அவவே திருப்பி எடுத்துச் செஞ்சிரிக்கா. ஒரு பொம்புள தனிய நிண்டு. கதிர் சரிஞ்சி நிக்குதாம். வெட்ட முந்தி ஒருக்கா அத நான் பாக்கோணும். கதவுக்குப் பின்னால இரிக்கிற அந்தச் சக்கரக் கதிரைய எடுத்தா, ரோட்டால தள்ளிக்கொண்டு போய்க் காட்டலாம். நீங்க சொன்னா அவ கேப்பா. சொல்லுவீங்களா?"

"சொல்லுறன் தம்பி."

அந்தப் பாயில் கிடந்தபடி சொன்ன அந்த வார்த்தையில் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. ஆயிரம் பேரைக் கேட்கவைத்த வாய்க்கு ஒருவரைக் கேட்கவைக்கத் தெரியாதா?

வெளியில் வெளிச்சம் மங்கும்போது கால்விரல் ஒன்று அசைந்தது. பிறகு முழங்கால். அதை மறைக்கத்தான் பார்த்தேன். ஆனால் தங்கச்சி வாசலில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். சுவரைப் பிடித்து எழுந்து நின்றேன்.

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். "பாத்தீங்களா! இஞ்சாருங்க, பாத்தீங்களா! உங்களுக்குப் பக்கத்துல, உங்களப் போலவே கிடந்தவருதானே!"

"இல்ல தங்கச்சி," என்றேன். "இது வேற நோய். நான் நினைச்சி எழும்பல்ல. குளிசையும் நேரமும்தான். எழும்பாட்டியும் நான் ஒண்டும் செய்ய ஏலாது. இவருட நரம்பு அறுந்தது, அது அப்படி வராது. அந்தக் கதிரைய எடுங்க, வயலக் காட்டுங்க."

தங்கச்சி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பெரிய மனிதர் தன்னடக்கமாகப் பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தக் குளிசையில ஒண்டு இவருக்கும் தாங்க காக்கா."

அது இவருக்கு ஆபத்து என்றேன். தர மாட்டேன் என்றேன். அவருடைய முகம் சுருங்கியது. ஆனால் நம்பிக்கை சுருங்கவில்லை. கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்து சாரனை ஒதுக்கி வலது காலைப் பிடித்தார். மடக்கினார், நீட்டினார். "நினைங்க. இப்பவே நினைங்க. கண்ணால பாத்தீங்கதானே."

கணவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்திரிக்கலாமே காக்கா" என்றார்.

பிறகு நான் பலமுறை போன் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் கதிரையைப் பற்றிச் சொன்னேன். "ஓம் காக்கா, அவரு எழும்பட்டும், தந்தவங்களுக்கிட்டயே அதத் திருப்பிக் குடுத்திருவம்" என்பார் தங்கச்சி. பிறகு, "ஒரு ரெண்டு வார்த்த அவருக்கும் சொல்லுங்க" என்று போனை அவர் காதில் வைத்துவிடுவார். மூச்சு கேட்கும். சாப்பிட்டீங்களா தம்பி என்று மட்டும் கேட்பேன்.

கடைசியாக எடுத்தபோது, "வெட்டு முடிஞ்சிதா தம்பி?" என்று கேட்டேன்.

"முடிஞ்சி காக்கா. நல்ல விளைச்சலாம்."

"பாத்தீங்களா?"

"கேட்டன்," என்றார். "வெட்டு மெசின் சத்தம் இஞ்ச பாய் வரைக்கும் கேட்டிச்சி."