மாதாவின் காலடியில் ஓர் உத்தரவு

குளச்சலில் மீன் ஏற்றுமதிக் கம்பெனி நடத்திய என் கட்சிக்காரர், கம்பெனி வழக்கில் வந்த உத்தரவை உறைகூடப் பிரிக்காமல் வீட்டு மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டார். திருவிழாக் கொடி இறங்கிய பிறகே பிரித்தார். அதற்குள் மேல்முறையீட்டுக் கெடு முடிந்திருந்தது.

“டைபாய்டுன்னு எழுதுங்க சாரே. சர்ட்டிபிகேட் நான் வாங்கித் தாறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுக்களில் எல்லோருக்கும் டைபாய்டுதான். படித்துப் படித்து நீதிபதிகளுக்கே காய்ச்சல் வந்திருக்கும். “நடந்ததைத்தான் எழுதுவேன்” என்றேன். மாதாவையும் திருவிழாவையும் சேர்த்தே எழுதினேன். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை, தாமதத்தை மன்னித்தார்.

அடுத்த உத்தரவு வந்த அன்றே கட்சிக்காரர் அதை என் மேசையில் வைத்தார்.

“மாதாவுக்கு?” என்றேன்.

“ஜெராக்ஸ் வச்சிருக்கேன் சாரே.”