இரவல் செற்றியும் வாடகை உதவியும்

எதையும் இலக்கம் போட்டு எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். ஆகவே சொல்லவிருப்பதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ஏன் வாடகை உதவி கேட்டோம்.
2. வீடு பார்க்க ஆள் வருகிறார் என்றதும் என்ன செய்தோம்.
3. அதனாலேயே உதவி கிடைக்காமல் போகப் பார்த்தது.
4. குணம் அண்ணை தற்செயலாக உள்ளே வந்தது.

ஞாபகப் பிழைகள் இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெழுகு பூசிய மரப்படிகளின் மணமும் உழுந்துவடை பொரிந்த எண்ணெய் மணமும் கலந்து வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பின்னேரம்தான் நினைவுக்கு வரும்...

சோலோதுர்னுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி மலரும் கைக்குழந்தையும் வந்த பிறகு, பெடியளோடு பகிர்ந்திருந்த அறையை விட்டு இரண்டு அறை வீடொன்றுக்கு மாறினோம். என் சம்பளம் அந்த வாடகைக்குப் போதவில்லை. உதவி கிடைக்காவிட்டால் மலரும் பிள்ளையும் இன்டர்லாக்கனில் அவளுடைய அக்கா வீட்டுக்கு. நான் பழையபடி பெடியளின் அறைக்கு. வேறு வழி இருக்கவில்லை.

கெமைண்டே என்று நாங்கள் சொல்லும் ஊர் அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். சமூக உதவிப் பகுதியிலிருந்து ஓர் அம்மா நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார் என்றார்கள்.

கீழ்வீட்டில் இருந்தவர் குணம் அண்ணை. எங்களுக்கு முன்னமே வந்து காலூன்றியவர். விஷயத்தைக் கேட்டதும் எங்கள் வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“தம்பி, கந்தோரில இருந்து ஒரு மனிசி வாறா. நீர் அவவை நிலத்திலயோ இருத்தப் போறீர்?”

“உதவி கேக்கிற வீடுதானே, அண்ணை...”

“அதுக்கு? வாற ஆளுக்கு முன்னால எங்கட இல்லாமையை விரிச்சுக் காட்டுறதோ? படிச்ச மனிசன் கதைக்கிற கதையே இது?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் நல்லது கெட்டதுக்கு அயல் வீட்டுக் கதிரைகள் வேலி கடந்து வருவது வழக்கம். ஆகவே அவருடைய மெத்தை வைத்த செற்றியும் ரீவியும் படியேறி வந்தன. மேல்வீட்டுப் போர்த்துக்கல் பெண் பூப்போட்ட தேத்தண்ணிக் கப்புகளைத் தந்தாள். மலர் கலியாணத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் சேலையை உடுத்தாள். கழுத்தில் தாலிக்கொடி. நான் சட்டைக்கு மேல் ரை கட்டிக்கொண்டேன்.

அந்த அம்மா வந்தார். மெலிந்த, அமைதியான பெண். செற்றியின் நுனியில் இருந்துகொண்டு ரீவியைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். பிறகு என் ரையைப் பார்த்தார்.

“அழகான வீடு” என்றார், ஜெர்மனில்.

ஒருவர் வீட்டைப் புகழ்ந்தால் வேறென்ன சொல்வது? நன்றி சொன்னேன். அவர் எழுதினார். செற்றி வசதியாக இருக்கிறது என்றார். அதற்கும் நன்றி சொன்னேன். அதையும் எழுதினார். அவருடைய முகம் மெல்ல மெல்ல இறுகுவது தெரிந்தது. ஏனென்றும் விளங்கியது. ஆனால் வாய் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. மலர் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். இன்டர்லாக்கன் ரயில் என் கண்ணுக்கு முன்னால் ஓடத் தொடங்கியது...

மலர் தேத்தண்ணியோடு திரும்பி வந்து சற்று நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. குணம் அண்ணை. அந்த அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேரே ரீவியிடம் போனார்.

“மைன் ரீவி. ஃபுஸ்பால்” என்றார் அவரிடம், தன்னுடைய ரீவி, உதைபந்தாட்டம் பார்க்க வேண்டும் என்ற பொருளில். பிறகு என்னைப் பார்த்து, “முழியாதையும் தம்பி. மற்றப் பக்கத்தைப் பிடியும்.”

பிடித்தேன். வேறென்ன செய்ய?

அந்த அம்மாவின் பேனா நின்றுவிட்டது. அப்போது மலர்தான், மொழி வகுப்பில் படித்த கொஞ்ச ஜெர்மனை வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னாள்.

“செற்றி இவருடையது. கப் மேல்வீட்டுப் பெண்ணுடையது. பிள்ளை என்னுடையது. அவரும் என்னுடையவர்.”

பிறகு படுக்கையறைக் கதவைத் திறந்து விட்டாள். இரண்டு மெத்தைகள், பிள்ளையின் உடுப்புகள் அடுக்கிய ஒரு வாழைப்பழப் பெட்டி. அவ்வளவுதான்.

ரீவியைப் பிடித்தபடியே நான் எங்கள் வழக்கத்தை ஒருவாறு விளங்கப்படுத்தினேன். அந்த அம்மா சிரிக்கத் தொடங்கியவர், நிறுத்தக் கஷ்டப்பட்டார்.

“நான் வருகிறேன் என்றால் இங்கே இருப்பதை ஒளித்து வைப்பார்கள். இல்லாததைக் கொண்டுவந்து வைத்த வீட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றார். “நான் விருந்தாளி இல்லை. அலுவலாக வந்தவள்.”

மலர் வடைத் தட்டை நீட்டினாள். “சாப்பிட்டால் விருந்தாளி.”

சாப்பிட்டார். இன்னொன்றும் எடுத்தார். எழுதியதன் மேல் கோடு போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். உதவி கிடைத்தது. மகள் அந்த வீட்டில்தான் நடை பழகினாள்.

இன்றைக்கு எங்கள் ஆட்கள் எல்லோருடைய வீட்டிலும் செற்றி இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு. இரவல் கேட்டு யாரும் யாருடைய கதவையும் தட்டுவதில்லை. அது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதற்கே தேர்மின் என்று முன்கூட்டியே நேரம் எடுக்க வேண்டியிருக்கிறது...

இவ்வளவையும் எழுதி மலருக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, நாலாவது பிழை.”

“ஏன்?”

“குசினி யன்னலால எட்டி நான்தான் அண்ணையைக் கூப்பிட்டனான். ‘இந்த மனிசன் வாய் திறக்காது, நீங்கள் வந்து ரீவியைத் தூக்கிக்கொண்டு போங்கோ’ எண்டு.”

“இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே.”

ஆகவே நண்பர்களே, நான்காவது பிழை. மற்ற மூன்றையும் அவள் இன்னும் மறுக்கவில்லை.