முதல் வரியில் இருந்த பெயர்

அந்தக் கசெட்டில் பாட்டு இல்லை. போட்டால், கறள் பிடித்த தகரத்தை யாரோ விடாமல் சுரண்டுவது போல ஒரு கீச்சொலிதான் ஐந்து நிமிடத்துக்குக் கேட்கும். எண்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலைநாட்டின் அட்டன் நகரில் பாட்டுக் கசெட் பதிந்து கொடுக்கும் ஒரு கடையில் எனக்கு வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல் டவுனுக்கு வேலைக்குப் போன முதல் பெண் நான். அம்மாவுக்கு அதில் பெருமை கொஞ்சம் அதிகம்தான். ஆட்கள் வெற்றுக் கசெட்டையும் பிடித்த பாட்டுகளின் பட்டியலையும் கொண்டு வருவார்கள். நான் பதிந்து கொடுப்பேன். பாடியவர்களிடம் கேட்டுத்தான் எடுக்கிறீர்களா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்போம்.

கீச்சொலிக் கசெட்டுகளைக் கொண்டுவந்தவர் கொத்மலை அணைக்கட்டு வேலையில் இருந்த படவரைஞர். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். வேலை முடிந்து ஊர் திரும்பிய வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் தன்னுடைய சிறிய கம்பியூட்டரை அவரிடம் விட்டுப்போயிருந்தார். அதைத் தொலைக்காட்சியில் இணைத்துக் கசெட்டை ஓடவிட்டால், அந்தச் சத்தம் உள்ளே போய்த் திரையில் விளையாட்டாக மாறும். அவருடைய விடுதியில் தொலைக்காட்சி இல்லை, எங்கள் கடையில் இருந்தது. அதனால் கம்பியூட்டர் எங்கள் பின்னறையிலேயே தங்கிவிட்டது. சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்துவிடுவார்.

முதலாளியின் மைத்துனர் கொழும்பில் கசெட் கடை வைத்திருந்தார். அங்கே வசதியான வீடுகளில் இந்தக் கம்பியூட்டர் வந்துவிட்டிருந்தது. விளையாட்டுக் கசெட்டுகளைச் சாதாரணமாகப் பிரதி எடுத்தால் பாதி ஓடாது, செய்தவர்கள் உள்ளே ஏதோ பூட்டுப் போட்டிருப்பார்கள். படவரைஞர் ஒரு மாதம் மண்டையைக் குடைந்து, அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டுப் புதிய கசெட்டில் பதியும் ஒரு சின்ன புரோகிராமை எழுதினார். அதற்குத் 'திறப்பு' என்று பெயர் வைத்தார், சாவிக்கு அவருடைய ஊரில் சொல்லும் வார்த்தை அது. எனக்கும் அதை இயக்கக் காட்டிக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு வாரமும் எங்கள் பார்சல் ரயிலில் கொழும்புக்குப் போனது. ஒன்றிலிருந்து நூறு எடுத்தாலும் முதல் கசெட் குறையாமல் அப்படியே இருக்கிறதே, இதில் களவு எங்கே வந்தது என்பார் அவர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த விளையாட்டை ஒருவர் உட்கார்ந்து செய்திருப்பார் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. சீமைச் சாமான் சீமையில் தானாக விளைகிறது என்று நினைப்பு.

பிறகு அவரே ஒரு விளையாட்டைச் செய்யத் தொடங்கினார். எட்டு மாதச் சனிக்கிழமைகள் அதிலேயே போயின. திரையில் ஒரு பள்ளத்தாக்கு, அதில் சின்னச் சின்ன வீடுகள். கீழேயிருந்து தண்ணீர் ஏறும். அது தொடுவதற்குள் ஆட்களை ஒவ்வொருவராக மேட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அணை கட்டினால் தண்ணீர் எதுவரை வரும் என்று வரைபடத்தில் கோடு போடுவதுதான் அவருடைய உத்தியோகம். முடிந்த அன்று முதல் ஆளாக என்னைத்தான் விளையாடச் சொன்னார். நான் மூன்று பேரைத் தவிர எல்லோரையும் மூழ்கடித்தேன். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். விளையாட்டு தொடங்குமுன் திரையில் முதல் வரியாக அவருடைய பெயர் வரும், ஆங்கில எழுத்தில்.

அணை வேலை முடியப்போகிறது, கொழும்பில் ஒரு கம்பனி கம்பியூட்டர் தெரிந்த ஆள் எடுக்கிறது, சொந்தமாகச் செய்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னார். வேறு பட்டமோ சான்றிதழோ அவரிடம் இல்லை. ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

அந்த நேர்முகத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே முதலாளி என்னைக் கூப்பிட்டு அந்த விளையாட்டையும் பார்சலில் சேர்க்கச் சொன்னார். படவரைஞரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றேன். "அவரு யாருகிட்ட கேட்டாரு? அந்தப் பேரை மட்டும் எடுத்துரு. நம்ம ஆளு பேரு இருந்தா ஒருத்தனும் தொட மாட்டான், சீமைச் சாமான் மாதிரி இருக்கணும்" என்றார். திறப்பைப் போட்டேன், முதல் வரியை அழித்தேன், அந்த இடத்தில் வாயில் வந்த ஓர் ஆங்கிலப் பெயரை அடித்தேன். ஐந்து நிமிட வேலை. மனதில் ஒன்றும் உறுத்தவில்லை. இன்று நினைத்தால் அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேர்முகம் முடிந்த மறுநாள், சனிக்கிழமைகூட இல்லை, படவரைஞர் கடைக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. அங்கே கசெட்டை ஓடவிட்டதும், இது என் தம்பியிடம் இருக்கிறதே, வெள்ளைக்காரன் செய்தது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இவர் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, பிறகு யாரும் அவரைப் பேசவிடவில்லை. அவர் சத்தம் போடவில்லை. கேள்வியும் என்னைத்தான் கேட்டார்.

"தங்கச்சி, நீர்தானே பக்கத்தில இருந்து பாத்தனீர். இது நான் செய்ததெண்டு ஒரு கடிதம் எழுதித் தருவீரோ? கம்பனி ஆக்கள் திங்கக்கிழமை வரைக்கும் பாத்துக்கொண்டிருப்பினம்."

முதலாளி கவுன்டரில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. நூல் சுற்றுவதை மட்டும் நிறுத்தியிருந்தார். ஆம் என்றால் வேலை போகும், அழித்தது யார் என்ற பேச்சும் வரும். இதையெல்லாம் அந்த நேரத்தில் யோசித்தேனா என்றால் அதுவும் இல்லை. 

"எனக்குத் தெரியாதுங்க ஐயா."

அவர் பின்னறைப் பக்கம் திரும்பினார். "சரி. நானும் ஆரையும் கேட்டு எடுக்கேல்லைத்தானே" என்றார். கம்பியூட்டரைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. நான் அன்று மாலை வரை பாட்டுப் பதிந்தேன்.

என் மகன் இப்போது விளையாட்டுகளைக் காசில்லாமல் இறக்குகிற ஏதோ ஒரு கருவி வைத்திருக்கிறான். அதை எழுதியவனும் இலவசமாகத்தான் கொடுத்திருக்கிறானாம். செய்தவனுக்கு இதில் என்னம்மா குறையப்போகிறது என்று போன வாரம் கேட்டான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? உட்காரவைத்து இந்தக் கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, தேடிப் பார்க்கிறேன், அவருடைய பெயரைச் சொல்லுங்கள் என்று கைபேசியை எடுத்தான்.

கடையில் எல்லோரும் அவரைப் படவரைஞர் என்றுதான் சொல்வோம். நான் ஐயா என்பேன். பெயரை அந்த முதல் வரியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எழுத்து எழுத்தாக அழித்தவளும் நான்தான். மகன் காத்துக்கொண்டிருந்தான். எனக்கு முதல் எழுத்துக்கூட வரவில்லை.