அண்ணனோட ஓட்டு, அண்ணியோட கை

எங்க அண்ணனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. மைக்குன்னுதான் கூப்பிடுவாங்க. நல்லது கெட்டதுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுற கடை வச்சிருந்தாரு. அது சோத்துக்கு. உசிரு எல்லாம் கட்சிமேல. தேர்தல் வந்துட்டா வண்டியில ரெண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாரு. கல்யாணம் நடந்ததே கட்சி ஆபீஸ் மாடியிலதான். "பொண்ணு நம்ம கட்சிதானான்னு கேட்டுட்டுத்தான் சரி சொன்னியா அண்ணே?"ன்னு கேலி பண்ணுவேன். "அதைக் கேக்காம விட்டேன் பாரு, அதுதான் நான் மாட்டிக்கிட்ட இடம்"பாரு. அண்ணி அடுப்புகிட்ட நின்னு முறைப்பாங்க.

சர்க்கரை வியாதி அவரோட ரெண்டு கண்ணையும் கொண்டுபோயிடுச்சு. கடையை மூடினாங்க. அப்ப கட்சிக்காரங்க கை விடலை, அதையும் சொல்லணும். செயலாளர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாரு, ராத்திரி பகல் பார்க்காம ஆள் மாத்தி ஆள் உட்கார்ந்திருந்தாங்க. சொந்தக்காரங்க ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. கூடப் பொறந்தவள்னு நான் ஒருத்திதான்.

அதுக்கப்புறம் அண்ணிதான் அவருக்குக் கண்ணு. காலையில டீ குடிச்சதும் பேப்பர் படிச்சுக் காட்டணும். ஒருநாள் கட்சியைப் பத்தி ரொம்ப மோசமா ஏதோ போட்டிருந்தாங்க. மனுஷன் நொந்துபோவாரேன்னு அண்ணி அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆளு வந்து அதையே போட்டு உடைச்சிட்டாரு. அம்மாடி, அன்னைக்கு வீடு ரெண்டாச்சு! "எனக்குக் கண்ணா இருக்கேன்னா கண்ணா மட்டும் இரு. எனக்குப் பதிலா நீ யோசிக்காதே. நான் குருடன்தான், முட்டாள் இல்ல"ன்னு கத்தினாரு. அண்ணி மறுநாள்லேர்ந்து எழுத்துக்கு எழுத்து அப்படியே படிச்சாங்க. கட்சியை நாறடிச்சிருந்தாலும் சரி, அதே குரல்தான், கூட்டாம குறைக்காம.

நான் அவங்க வீட்டுப் பின்கட்டுல இருக்கேன், நானும் என் பொண்ணும். லாண்டரியில இஸ்திரி போடுறவ நான். பொண்ணு படிப்பு ஏறலைன்னு உட்கார்ந்தப்ப அண்ணன்தான் செயலாளர்கிட்ட சொல்லி, அட்டைப்பெட்டி கம்பெனியில சேர்த்துவிட்டாரு. மொதல் நாள் வாசல் வரைக்கும் கூடவே போனாரு, அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு.

அங்க அட்டையை வெட்டுற மிஷின்ல, கை உள்ள போகாம இருக்க ஒரு தகடு இருக்கணும். அது இருந்தா வேலை மெதுவா ஓடுதுன்னு கழட்டி வச்சிருந்தானுங்க. என் பொண்ணோட இடது கை ஆள்காட்டி விரல் அடியோட போச்சு. அது போனதுகூட விதின்னு வையுங்க. விசாரிக்க வந்த அதிகாரிகிட்ட முதலாளி என்ன சொன்னான் தெரியுமா? "இந்தப் பொண்ணு எங்க கம்பெனியில வேலையே பார்க்கலை. வேடிக்கை பார்க்க வந்திருக்கும்." என் பொண்ணு கட்டுப் போட்ட கையோட எதிர்லயே நிக்கிறா! அவன் பெத்த பிள்ளையா இருந்தா அப்படிச் சொல்லுவானா? நாசமாப் போறவன்.

அந்த ஆளைத்தான் இந்த உள்ளாட்சித் தேர்தல்ல கட்சி நிறுத்துச்சு.

செயலாளர் வந்தாரு. கண்ணைப் பார்த்துப் பேசலை, எங்க யார் கண்ணையும். "மைக்கண்ணே, மேலிடத்து முடிவு. எனக்கும் பிடிக்கலைதான். ஆனா ஆளா முக்கியம்? கட்சி தோத்தா நாம எங்க போய் நிக்கிறது? நீங்க நாலு வார்த்தை பேசினா போதும்"னாரு.

"தொண்டை கட்டிக்கிச்சுப்பா"ன்னாரு அண்ணன்.

தேர்தல் முடியுற வரைக்கும் கட்டின தொண்டை அவிழவே இல்ல. வீட்டுல பேசுறப்ப ஒரு குறையும் இல்ல, நல்லாத்தான் இருந்துச்சு. கட்சிக்காரங்க சளைச்சவங்களா? அவர் எப்பவோ பேசின பழைய பதிவை எடுத்துப் போட்டுக்கிட்டுத் தெருவுல வந்தாங்க. "உழைக்கும் மக்களே, உங்கள் ஓட்டு நமது சின்னத்துக்கே!" கணீர்னு அண்ணன் குரல். அண்ணன் கட்டில்ல உட்கார்ந்து அதைக் கேட்டுக்கிட்டிருந்தாரு. என் பொண்ணு போய் ஜன்னலைச் சாத்தினா. "திறந்தே இருக்கட்டும்மா"ன்னாரு.

நானும் கேட்டேன், பொறுக்க முடியாம. "அண்ணே, யாருக்குப் போடப்போற?"

"நான் வேற சின்னத்துக்குப் போட்டதா சரித்திரமே இல்ல."

"அப்ப என் பொண்ணு?"

அண்ணன் எழுந்து சுவரைத் தடவிக்கிட்டே வெளிய போயிட்டாரு. எனக்கு வந்த கோபத்துக்கு அன்னைக்கு அவருக்குச் சோறு போட்டிருக்க மாட்டேன். அண்ணி போட்டாங்க.

ஓட்டு அன்னைக்கு நாலு பேருமாப் போனோம். பள்ளிக்கூடத்து வகுப்பறை. சுவரோரமா கட்சி ஏஜென்ட்டுங்க, அதுல நம்ம செயலாளரும். மொதல்ல என் பொண்ணு. மை வைக்கிற அம்மா தலை நிமிராம, "இடது கை, ஆள்காட்டி விரல்"னாங்க. இவ கையை நீட்டினா. அந்த அம்மா பார்த்துட்டு, "ஐயோ... சார், இந்தப் பொண்ணுக்கு அந்த விரல் இல்லையே, எதுல வைக்கிறது?"ன்னு சத்தமாக் கேட்டுட்டாங்க. "பக்கத்து விரல்ல வைங்க"ன்னாரு அதிகாரி. அண்ணன் பின்னால வரிசையில நின்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

அண்ணியும் நானும் போட்டு முடிச்சு, அண்ணன் முறை வந்துச்சு. செயலாளர் எழுந்து, "மைக்கண்ணனுக்கு நான் துணைக்கு வர்றேன்"னாரு.

"வேண்டாம். என் வீட்டுக்காரி போடட்டும்"னாரு அண்ணன், வெடுக்குன்னு. செயலாளர் உட்கார்ந்துட்டாரு.

அவர் சொல்ற மாதிரியே போடுவேன், வெளியில சொல்ல மாட்டேன்னு அண்ணிகிட்ட அதிகாரி உறுதி வாங்கினாரு. துணைக்குப் போறவங்களுக்கு வைக்கிற மாதிரி அண்ணிக்கு வலது கையிலயும் மை வச்சாங்க. சீட்டை வாங்கிக்கிட்டு ரெண்டு பேரும் அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால போனாங்க. அதுகூட அந்தப் பாவி கம்பெனி அட்டையோ என்னவோ. நான் வாசல்ல நின்னேன். அண்ணன் குரல் வாசல் வரைக்கும் கேட்டுச்சு: "நம்ம சின்னம்." மைக்கு இல்லாமலே அவர் குரல் அப்படித்தான். ஏஜென்ட்டுங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டாங்க.

அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் கேக்கலை. அண்ணியோட முதுகுதான் தெரிஞ்சுது. என் பொண்ணுக்குக் கட்டுப் பிரிச்சு மருந்து போட்டவங்க அவங்க. நான் மயக்கம் போட்டு விழுந்தப்பல்லாம் அவங்கதான் கை நடுங்காம செஞ்சாங்க. முத்திரை குத்துற சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்தப்ப அவங்க உதடு வெளுத்திருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கட்டில்ல உட்கார்ந்தாரு. தண்ணி வேணாம்னாரு. மெதுவா, "எதுல குத்தின?"ன்னாரு.

"நீங்க சொன்னதுல."

"என் ஓட்டையா?"

"உங்களுக்கு நீங்க சொன்னது. எனக்கு, எனக்குத் தோணினது. நான் அவனுக்குப் போடலை."

அண்ணன் ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டாரு. "நீ மாத்திப் போட்டுடுவேன்னு நெனச்சேன்டி. அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன். குழந்தை விரலைப் பத்தி அவங்க கேட்டது உன் காதுல விழலையா?"

அண்ணி அப்படியே நின்னுட்டாங்க. "நீங்கதானே சொன்னீங்க. எனக்குப் பதிலா யோசிக்காதேன்னு."

"அத்தனை பேரு முன்னாடி என் வாயால எப்படிடி சொல்லுவேன்?"

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. "மறைப்புக்குப் பின்னாலதானே நின்னீங்க? காதோட சொல்றதுக்கு என்ன? ஊரையே கூப்பிட்ட வாய்க்குப் பொண்டாட்டி காதுல ஒரு வார்த்தை சொல்ல முடியலையா அண்ணே?"

"சொல்லிட்டா நான் போட்டதா ஆயிடுமே"ன்னாரு.

அவ்வளவுதான். இத்தனை வருஷக் கட்சிக்குத் துரோகம் பண்ணவும் மனசில்ல, குழந்தைக்குத் துரோகம் பண்ணவும் மனசில்ல. பழியை அண்ணி தலையில இறக்கி வச்சுட்டு நல்லவனாவே இருந்துடலாம்னு பார்த்திருக்காரு. நான் அவரை ஏசியிருப்பேன், நல்லா ஏசியிருப்பேன். ஆனா என் பொண்ணு உள்ளேர்ந்து வந்து, மாத்திரையை எடுத்து, அந்தக் கையாலயே அவர் கையில வச்சா. "போட்டுக்குங்க மாமா, நேரமாச்சு"ன்னா. விரல் இல்லாத இடத்துல அவர் கை பட்டுச்சு. அங்கேயே பிடிச்சுக்கிட்டு, குழந்தை மாதிரி அழுதாரு.

அவன் ஜெயிச்சுட்டான். தெருவெல்லாம் வெடி. மறுநாள் காலையில அண்ணி வழக்கம்போல டீயைக் கொடுத்துட்டுப் பேப்பரை எடுத்துக்கிட்டு வந்து உட்கார்ந்தாங்க. ஊர்ச் செய்திப் பக்கம் பூரா அவன் படம்தான், பல்லைக் காட்டிக்கிட்டு. அண்ணியோட ரெண்டு கை விரல்லயும் மை இன்னும் போகலை. பேப்பரை விரிச்சாங்க. படிக்கலை.

"அப்படியே படிக்கவா, மாத்திப் படிக்கவா?"ன்னு கேட்டாங்க. குத்திக் காட்டுறதுக்காகக் கேக்கலை. நெசமாவே தெரியாமத்தான் கேட்டாங்க.

அண்ணன் டீயைக் கீழ வச்சாரு. "பேப்பரை நிறுத்திடச் சொல்லு"ன்னாரு.